பத்தொன்பது அழைப்புகள்

வெரோனிகாவுக்குக் காது கூர்மை என்பது அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஈசூனில் தொலைபேசி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தபோது பதினெட்டு வருஷம் அங்கே மணி பார்ப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு தொலைபேசியாக எடுத்து மணியை ஒலிக்கவிட்டுக் கேட்க வேண்டும். கொஞ்சம் கறகறத்தாலும் சிவப்புத் தட்டில் போட வேண்டும். நாளைக்கு அறுநூறு. தொழிற்சாலையை மூடியதும் பாதுகாவல் பயிற்சி முடித்து, தஞ்சோங் பகாரில் இருபத்திரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் சேர்ந்தாள். அவளை வாசலில் நிறுத்தாமல் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்ததும் அந்தக் காதுக்காகத்தான். தீ எச்சரிக்கைப் பலகை, மின்தூக்கியின் இண்டர்காம், கார் நிறுத்தக் கதவு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கூப்பிடும் அறை அது. தலையைத் திருப்பாமலே எது கூப்பிடுகிறது என்று சொல்லிவிடுவாள். "வெரோனிகாக்கா இருந்தா பேனலைப் பாக்கவே வேணாம்" என்று மேற்பார்வையாளர் காதர் மைதீன் புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வார்.

அப்படிப்பட்டவள்தான் போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்திலிருந்து மூன்று மணிவரை, கைக்கெட்டும் தூரத்தில் ஒலித்த இண்டர்காமை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கட்டடத்தில் அன்று ஆள் இல்லை. மங்களம் என்ற துப்புரவுப் பணியாளர் குப்பை வண்டியோடு பின்பக்க மின்தூக்கியில் ஏறியிருக்கிறார். அறுபத்து மூன்று வயது. பதினான்காம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. கைப்பேசி கீழே ஓய்வறையில் சார்ஜில் இருந்தது. மணிப் பொத்தானை அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார்.

காதர் மைதீன் தொழுகை முடித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். கட்டுப்பாட்டு அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே நடைபாதையில் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே வந்து பார்த்தால் வெரோனிகா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அடிக்குதே."

"என்னது பாய்?" என்றாள்.

அவர் தாண்டிப் போய் இண்டர்காமை எடுத்தார். மறுமுனையில் பேச்சு இல்லை, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. பழுதுபார்ப்பவர்கள் வந்து கதவைத் திறக்க இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. மங்களம் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தார். சீருடை நனைந்திருந்தது. பேர் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து பாதுகாவல் நிறுவனத்து மேலாளர் வந்து, கட்டுப்பாட்டு அறையின் கேமராப் பதிவை வெரோனிகாவுக்குப் போட்டுக் காட்டினார். அதில் சத்தம் கிடையாது. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. இரண்டு கையும் மேசை மேல். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு மின்னி அணைகிறது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் மின்னுகிறது. ஒரு தடவை அவள் கையை நீட்டித் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டு, மூடியைத் திருகி, விளக்குக்குப் பக்கத்திலேயே வைக்கிறாள். மேலாளர் வேகமாக ஓடவிட்டார். வேகமாக ஓடவிட்டபோதும் அவளிடம் அசைவு இல்லை.

"தூங்கியிருந்தாக்கூட நான் ரிப்போர்ட்ல எழுதிடுவேன் லா" என்றார் மேலாளர். "இதை என்னன்னு எழுதறது?"

வெரோனிகா திரையைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. வெட்கமாவது வந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை.

"கேக்கல சார்" என்றாள்.

கேட்கவில்லை என்றதால் முதலில் காது மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, ஐம்பத்தேழு வயதுக்கு இது அபூர்வமான காது என்று சொன்னார். காகிதத்தில் அப்படியே எழுதியும் கொடுத்தார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பிறகு அந்த மருத்துவரே, மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒலியை வைத்துக் கவனத்தை அளக்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள் என்று கடிதம் எழுதினார்.

ஆகஸ்டில் போனாள். சோதனை செய்தவள் அனுப்ரியா என்ற பெண், முப்பது வயது இருக்கலாம். வெரோனிகாவின் தலையில் துணித் தொப்பி ஒன்றை மாட்டி, அதிலிருந்த ஓட்டைகள் வழியாக ஊசியில்லாத குழலால் பசை போன்ற ஒன்றை வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கும் ஆன்ட்டி. வலிக்காது. வீட்டுக்குப் போய் தலைக்குக் குளிச்சா போயிடும்."

காதில் பெரிய ஹெட்ஃபோன் வந்தது. கையில் ஒரு பொத்தான்.

"ரெண்டு சத்தம் வரும். ஒண்ணு கீழ் சுதி, அதுதான் நிறைய வரும். அதைக் கண்டுக்க வேணாம். நடுவுல எப்பவாவது மேல் சுதியில ஒண்ணு வரும். அப்ப மட்டும் அமுக்குங்க. நாலு சுற்று. மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம். ஓக்கேவா?"

வெரோனிகா தலையாட்டினாள். தொழிற்சாலையில் செய்யாததா. சத்தம் வரத் தொடங்கியது. டொம், டொம், டொம், டிங். அழுத்தினாள். டொம், டொம். எதிரே வெள்ளைச் சுவரில் ஒரு கூட்டல் குறி ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தாள் அனுப்ரியா. பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று ஹெட்ஃபோனைக் கழற்றியபோது, சுலபமாகத்தான் இருந்தது என்று பட்டது.

அனுப்ரியா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் நாற்பது மேல் சுதி. முதல் சுற்றில் நாற்பதுக்கும் அழுத்தியிருந்தாள். இரண்டாவதில் முப்பத்தெட்டு. மூன்றாவதில் இருபத்திரண்டு. நாலாவதில் ஒன்பது.

"நான் எல்லாத்துக்கும் அமுக்கினேனே" என்றாள் வெரோனிகா.

"அப்படித்தான் தோணும்."

"மெஷின் சரியா இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி. இங்க பாருங்க." திரையில் மலைத்தொடர் மாதிரி கோடுகள். "சத்தம் வந்ததும் இந்தச் சின்ன மேடு வருதுல்ல, இது நாலு சுற்றுலயும் இருக்கு. அப்படின்னா உங்க மூளைக்குச் சத்தம் போய்ச் சேருது. ரெண்டு சத்தமும் வேறன்னுகூட அதுக்குத் தெரியுது. இந்தப் பெரிய மேடு இருக்கு பாருங்க, இது 'இதை கவனி'ன்னு மூளை எடுத்துக்கிற இடம். கடைசிச் சுற்றுல அது படுத்துடுச்சு."

வெரோனிகா பார்த்தாள். கடைசிப் படத்தில் கோடு சமமாகப் போய்க்கொண்டிருந்தது.

"தினமும் இப்படி சத்தத்துக்கு நடுவுல ரொம்ப நேரம் இருந்திருக்கீங்களா? வேலையைச் சொல்லல. கடைசி ஒரு வருஷத்துல?"

"ஆஸ்பத்திரில இருந்தேன்" என்றாள் வெரோனிகா. "நாப்பத்தியோரு நாள்."

கேட்டதால் சொன்னாள். ஊர்ப்பேரைச் சொல்வது போலத்தான் சொன்னாள். கணவர் எட்மண்ட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். பிப்ரவரித் தொடக்கத்தில் பக்கவாதம் வந்து, பிறகு நெஞ்சில் சளி கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். முதல் வாரம் இயந்திரம் எது ஒலித்தாலும் அவள் எழுந்து ஓடுவாள். தாதியைக் கூட்டி வருவாள். சொட்டு மருந்து தீர்ந்தால் ஒரு சத்தம், விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் ஒரு சத்தம், பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு சத்தம். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, அதெல்லாம் எங்களுக்கு வெளியே தெரியும். நீங்க உக்காருங்க, உடம்பு கெட்டுடும்" என்று தாதி நல்ல மனதோடுதான் சொன்னாள். மூன்றாவது வாரம் வெரோனிகா ஓடுவதை நிறுத்தினாள். நாலாவது வாரம் அந்த அறை அவளுக்கு அமைதியாக இருந்தது.

"அவரு போன அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். "ரொட்டி வாங்கி வந்திருந்தேன். பாக்கெட்டைப் பிரிச்சு ஓரத்தைப் பிச்சுப் பிச்சு தின்னுட்டு இருந்தேன். நாலு பேரு ஓடி வந்தாங்க. எதுக்கு ஓடி வராங்கன்னு பாத்தேன். அப்பத்தான் அடிக்கிறதே தெரிஞ்சுச்சு. எவ்ளோ நேரமா அடிச்சுச்சுன்னு கேக்கல."

அனுப்ரியா தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள்.

"அதனாலதான் இதுன்னு என்னால சொல்ல முடியாது ஆன்ட்டி. இந்த டெஸ்ட் எவ்ளோன்னு சொல்லும். ஏன்னு சொல்லாது."

"சரி" என்றாள் வெரோனிகா. இன்னொரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதமும், ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லி ஓர் அட்டையும் தந்தாள் அனுப்ரியா. வெரோனிகா இரண்டையும் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் தேக்காவில் இறங்கிச் சந்தையில் மீன் வாங்கினாள். தலையில் பசை காய்ந்து முடி திட்டுத் திட்டாக நின்றது. மீன்காரர் அவள் தலையைப் பார்த்துவிட்டு மீனை நிறுத்தார். கத்தி பலகையில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஐஸ் கொட்டினார்கள். பின்னால் ஒருவர் வழி கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் தோளைத் தொட்டு விலக்கிவிட்டுத் தள்ளுவண்டியோடு போனார். வீட்டில் மின்சாரச் சோற்றுப்பானை சுடவைக்கும் நிலைக்கு மாறிச் சத்தம் போட்டதை மகள் ஆட்ரிதான் வந்து அணைத்தாள். ஆட்ரி வங்கியில் வேலை பார்ப்பவள். இப்படி அணைப்பது நாலைந்து மாதமாக அவள் வேலையாகியிருந்தது. அம்மாவிடம் அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

அதற்குள் கட்டடத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சம்பவம் நடந்து இருபத்தைந்து நாள் ஆனபோது காதர் மைதீன் அவள் குடியிருந்த ஈசூனுக்கே வந்தார். அவள் வீட்டுப் புளோக்கின் கீழே இருந்த கோப்பிக்கடையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை மேசை மேல் விரித்தார்.

"நல்லதா முடிஞ்சிடுச்சுக்கா. லிஃப்ட் பட்டனை மூணு செகண்ட் விடாம அமுக்கினாத்தான் கால் நம்மகிட்ட வரும். அந்த அம்மா தட்டித் தட்டி விட்டிருக்காங்க. கால் பதிவாகலன்னு எழுதியாச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

வெரோனிகா படித்தாள். ஆங்கிலத்தில் நாலு வரி.

"கடைசில நீங்க எடுத்தீங்களே பாய்."

"அந்த ஒண்ணு வந்துச்சு. மத்தது வரலன்னு வச்சுக்குவோம்."

"பேனல்ல எத்தனை காட்டுது?"

அவர் பால் சேர்க்காத தே ஓ கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "பத்தொன்பது. ஆனா அந்தப் பதிவு முப்பது நாளைக்கு மேல நிக்காது. தானா அழிஞ்சிடும்."

"அது அடிச்சுது பாய். நான் எடுக்கல."

"உங்களுக்காகத்தான்கா இதைச் செய்யறோம். பத்து வருஷமா இருக்கீங்க. அண்ணன் போன துக்கம் வேற. ஒரு வார்த்தைக்கு எதுக்கு எல்லாத்தையும் இழுத்துக்கறீங்க?"

அவர் சொன்னது உண்மை. அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை. பயமும் இல்லை, நேர்மை என்று பெரிதாக ஒன்றும் மனதில் எழவும் இல்லை. பத்தொன்பதை இல்லை என்று எழுத வேண்டுமானால் அதற்கு ஒரு தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு தன்னிடம் இல்லை என்று மட்டும் பட்டது.

"அந்த அம்மாவுக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. வார்னிங் லெட்டர் குடுத்திருப்பாங்க, அவ்ளோதான்."

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக வெரோனிகா இண்டர்காம் பலகையின் பதிவை அச்செடுத்தாள். இரண்டு பத்து, இரண்டு பதினொன்று, இரண்டு பதினான்கு என்று பத்தொன்பது வரிகள். அதன் அடியில், 'இவை எல்லாம் ஒலித்தன. நான் அறையில் இருந்தேன். எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒன்றை மேலாளருக்கும் ஒன்றைத் துப்புரவு நிறுவனத்துக்கும் அனுப்பினாள். காதர் மைதீன் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. மாலை போகும்போது மட்டும், "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மங்களம் குடியிருந்த தெம்பனிஸுக்குப் போனாள். முகவரியைத் துப்புரவுப் பெண்களிடம் கேட்டு வாங்கியிருந்தாள். எட்டாம் மாடி. மங்களம் கதவின் கம்பிகளுக்குப் பின்னால் நின்று அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்தார். சிறிய உடம்பு, முழங்கால் இரண்டிலும் பட்டை கட்டியிருந்தார். வெரோனிகா ஆரஞ்சுப் பையை மேசை மேல் வைத்தாள்.

"வார்னிங் லெட்டரைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க" என்றார் மங்களம். "நீங்க எழுதிக் குடுத்தீங்களாம். அதுக்கு முன்னாடி எனக்கு கிளாஸ் எடுத்தாங்க தெரியுமா? லிஃப்ட் பட்டனை எப்படி அமுக்கறதுன்னு. இருபது வயசுப் பிள்ளை ஒண்ணு என் விரலைப் புடிச்சு அமுக்கிக் காட்டுது."

வெரோனிகா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருந்தப்ப, கீழ ஆளே இல்லன்னுதான் நெனைச்சேன். ஞாயித்துக்கிழமை, யாரும் வரலபோலன்னு. ஆள் இல்லன்னா என்ன பண்றது, கோவம் வரல. அப்புறம்தான் சொன்னாங்க, நீங்க அங்கேயேதான் இருந்தீங்கன்னு. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலக்கா. உக்காந்திருந்தேன்."

"தூங்கலையா?"

"இல்ல."

"போன்?"

"இல்லக்கா."

மங்களம் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தூங்கினேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். இதுதான் எனக்கு ஆறல."

மன்னிப்புக் கேட்கத்தான் வெரோனிகா வந்திருந்தாள். கேட்டாள். சரியான வார்த்தைகளைத்தான் சொன்னாள். அவை தன் வாயிலிருந்து வருவதும், மங்களம் அவற்றை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. எட்மண்டைப் பற்றி அவள் பேசவில்லை. அதைச் சொன்னால் ஈடு கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

நான்கு மணிக்கு மங்களத்துக்குப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க நேரம் கொடுத்திருந்தார்கள். இருவரும் வெளியே வந்தார்கள். வெரோனிகா மின்தூக்கிப் பக்கம் திரும்பினாள். மங்களம் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"நீங்க அதுல போங்கம்மா. நான் இப்பல்லாம் இப்படித்தான்."

"இந்தக் காலோடயா?"

"இந்தக் காலோடதான்."

வெரோனிகாவும் படியில் இறங்கினாள். மங்களம் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, அப்புறம் அடுத்த படிக்கு வந்தார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றார். ஐந்தாம் மாடியில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் மங்களம், "கொஞ்சம் தோளைக் குடுங்க" என்றார். கீழே வந்து சேரப் பதினாறு நிமிஷம் ஆயிற்று. பேருந்து நிறுத்தத்தில் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு மங்களம் சொன்னார்: "இன்னொரு தடவை வந்தா ஆரஞ்சு வேணாம்மா. எனக்குப் புளிப்பு ஆகாது."

வெரோனிகா பிறகும் மூன்று தடவை போனாள். பப்பாளி வாங்கிப் போனாள். சிநேகம் என்று சொல்ல முடியாது. படியில் இறங்க ஒரு தோள், அவ்வளவுதான். கடைசித் தடவை போனபோது மங்களம் பக்கத்து வீட்டுக்காரியோடு மின்தூக்கியில் ஏறப் பழகியிருந்தார். அதன் பிறகு போகவில்லை.

நிறுவனம் வெரோனிகாவை வேலையைவிட்டு நீக்கவில்லை, ஆனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்துவிட்டது. ஈசூனிலேயே ஒரு கொண்டோமினியக் குடியிருப்பின் வாசலில் போட்டார்கள். வருகிற காரின் எண்ணை எழுதி, யாரைப் பார்க்க வந்தார் என்று கேட்டு, தடுப்பைத் தூக்கிவிடும் வேலை. அது அவளுக்கு ஒத்துவந்தது. ஆள் வந்து முன்னால் நின்று முகத்தைப் பார்த்துப் பேசினால் அவளால் தவறவிட முடியாது. அனுப்ரியா எழுதித் தந்த கடிதத்தோடு ஆட்ரி அவளை ஒரு மருத்துவரிடமும் கூட்டிப்போனாள். அவர் மாதம் இரண்டு தடவை உட்கார வைத்துப் பேசினார். வெரோனிகா போனாள், வந்தாள்.

பிப்ரவரியில் ஆய்வுக்கூடத்துக்கு மறுபடியும் போனாள். அதே தொப்பி, அதே பசை. இந்தத் தடவை நாலாவது சுற்றில் இருபத்து நாலு.

"நல்ல முன்னேற்றம் ஆன்ட்டி" என்றாள் அனுப்ரியா. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"எவ்ளோ வந்தா சரின்னு சொல்லுவீங்க?"

"உங்க வயசுக்கு முப்பது, முப்பத்தஞ்சு."

"அப்ப இன்னும் இருக்கு" என்றாள் வெரோனிகா. பிறகு, "கடைசில ஒரு பத்து விட்டிருப்பேன்னு எனக்கே தோணுச்சு" என்றாள். அனுப்ரியா அதைக் குறித்துக்கொண்டாள்.

மார்ச்சில் எட்மண்டின் வருஷத் திருப்பலியை லூர்து மாதா கோயிலில் வைத்தார்கள். சாமியார் எட்மண்டின் பேரைச் சொன்னபோது ஆட்ரி அழுதாள். வெரோனிகாவுக்கு அழுகை வரவில்லை, மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். முடிந்ததும் தாயும் மகளும் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்து, ஒரு கடையில் இட்டலி சாப்பிட உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தட்டுகள் மோதும் சத்தம். ஆட்ரி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், வேலையைப் பற்றி, வேறு கிளைக்கு மாற்றுவதைப் பற்றி. கொஞ்ச நேரம் கழித்து அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தாள். இந்த ஒரு வருஷமாக அப்படித்தான், பாதியில் நிறுத்திவிடுவாள்.

வெரோனிகா நிமிர்ந்தாள்.

"திரும்பச் சொல்லு" என்றாள். "நடுவுல விட்டுட்டேன்."

ஆட்ரி அம்மாவைப் பார்த்தாள். "எங்கேருந்து?"

"மேனேஜர் கூப்பிட்டாங்கன்னு சொன்ன. அதுக்கப்புறம் இல்ல."

ஆட்ரி கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, மேலாளர் கூப்பிட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.